சமையல் குறிப்பும் வசனமே

சமையல் குறிப்பையெல்லாம் விமரிசனம் செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாவலையும் சிறுகதையையும் பற்றிச் சொல்ல வேண்டியதே பாக்கி இருக்கும்போது அடுப்பங்கரை விஷயத்தை இங்கே இழுத்து வருவானேன் என்று அவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலைத் தொடாதவர்கள்கூடச் சமையல் குறிப்பு வாசிக்கிறார்கள். அதோடு, நாவலுக்கு இல்லாத ஒரு பொறுப்பும் அதற்கு இருக்கிறது. நாவலை வாசித்தவர் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். குறிப்பை வாசித்தவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறார். எழுதியவரின் வாக்கியம் சரியா, தப்பா என்பது அரைமணி நேரத்தில் தட்டில் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு கடுமையான பரீட்சைக்கு எந்த நாவலாசிரியனும் தன் வசனத்தை உட்படுத்துவதில்லை.

பரிசோதிப்பதற்கு ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். எலுமிச்சையும் மிளகும் சேர்த்துச் சட்டியில் வாட்டிய சால்மன் மீன். ஆங்கிலத்தில் வருகிற சமையல் புஸ்தகங்களில் பெரும்பாலானவற்றில் இது ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். மீன், உப்பு, எண்ணெய், வெண்ணெய், எலுமிச்சை அல்லது ஆரஞ்சு, மிளகு: சாமான்கள் ஆறுதான். மசாலாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழி இல்லை. கதையில் சம்பவம் குறையக் குறைய எழுத்தாளனின் பலவீனம் வெளியே தெரியும் என்பார்கள். இந்தக் குறிப்பிலும் அப்படித்தான்.

முதல் தகராறு பெயரிலேயே தொடங்குகிறது. 'சால்மன் 2 துண்டு' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எந்தச் சால்மன்? அட்லாண்டிக் சால்மன் என்று ஒரே ஓர் இனம் உண்டு. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான். அதிலும் பெரும்பகுதி நார்வே, ஸ்காட்லாந்து, சிலி போன்ற நாடுகளின் கடலோரப் பண்ணைகளில் வளர்ந்தது. பசிபிக் சமுத்திரத்தில் சினூக், சாக்கை, கோஹோ, பிங்க், சம் என்று பல இனங்கள் உண்டு. அலாஸ்காவில் 1990-இல் சட்டம் போட்டு மீன் பண்ணையையே தடுத்துவிட்டார்கள். அங்கிருந்து வருவது கடலிலும் ஆற்றிலும் பிடித்த மீன். பண்ணை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கும். பிங்க் இனத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கொழுப்பு நிறைந்த துண்டு அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தாங்கும். மெலிந்த துண்டு ஒரு நிமிஷம் தப்பினால் வறண்டு போகும். இரண்டுக்கும் ஒரே நிமிஷக் கணக்கைக் கொடுப்பவர், பாத்திரத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு குணத்தைத் தெரிந்துகொள்ளாத கதாசிரியரைப் போன்றவர்.

நம் பக்கத்திலும் இந்தப் பெயர் ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள்; பம்பாய்க்காரர்கள் அதையே ராவஸ் என்கிறார்கள். நல்ல மீன்தான். ஆனால் சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. வெள்ளைச் சதை, வேறு கொழுப்பு, வேறு நார். ஆங்கிலக் குறிப்பைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் 'இந்தச் சால்மன் கிடைக்காவிட்டால் அந்தச் சால்மன்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வாசிக்கிறவர் வேறொரு மீனின் கணக்கை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். அகராதியைப் புரட்டினால் இந்தத் தப்பு தெரியாது. மீனைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த எழுத்து வடிவம் எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்ற பெண்மணி முதலில் கவிதை எழுதிப் பிரசுரித்தவர். 1845-இல் குடும்பங்களுக்கான சமையல் புஸ்தகம் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் சாமான்களின் அளவையும் ஆகும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார். அதுவரை இப்படி ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லை. 1861-இல் இஸபெல்லா பீட்டனின் பெரிய புஸ்தகம் வந்தது. அவர் ஆக்டனிடமிருந்து நிறையக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, சாமான் பட்டியலைத் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனார். 1896-இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர், கரண்டியிலும் கிண்ணத்திலும் தலை தட்டி அளக்கும் முறையைப் பரப்பினார். தாயிடமோ பாட்டியிடமோ நின்று கற்றுக்கொள்ள முடியாத பெண்களுக்கு இந்த மூவரும் செய்தது பெரிய உபகாரம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அளவும் நேரமும் குறிப்பின் தலையில் ஏறி உட்கார்ந்த பிறகு, நடுவில் இருந்த வர்ணனை மெள்ள மெள்ள இளைத்துப் போயிற்று. என்ன நிறம், என்ன சத்தம், என்ன வாசனை என்று சொல்ல வேண்டிய இடத்தில் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி சால்மன் குறிப்புக்குள் போகலாம். அதில் தவறாமல் வருகிற வாக்கியம் ஒன்று: 'நல்ல சூட்டில் இரண்டு பக்கமும் வாட்டிச் சாற்றை உள்ளே பூட்டிவிடவும்.' இது பொய். யாரோ வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. பெரிய மனிதர் ஒருவர் நம்பிச் சொன்னது. ஜெர்மன் ரஸாயன அறிஞர் லீபிக் 1847-இல் மாமிசத்தைப் பற்றி எழுதியபோது, மேல்பரப்பைச் சூட்டில் இறுக வைத்தால் அது ஓடு போல நின்று சாற்றை வெளியே விடாது என்றார். அந்தக் காலத்துச் சமையல் எழுத்தாளர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஆக்டனே தம் புஸ்தகத்தின் 1855-ஆம் வருஷப் பதிப்பில் லீபிக்கின் பெயரைத் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார். 1930-களில் மாமிசத்தை நிறுத்துப் பார்த்து, முதலில் வாட்டிய துண்டும் வாட்டாத துண்டைப் போலவே சாற்றை இழக்கிறது என்று கண்டார்கள். ஹெரால்ட் மெக்கீ 1984-இல் வெளிவந்த தம் புஸ்தகத்தில் இதை எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். ஓடு என்று சொல்லப்படுவது தண்ணீரைத் தடுப்பதே இல்லை. சட்டியில் துண்டு கிடக்கும் வரைக்கும் கேட்கிற 'சொய்' என்ற சத்தமே அதற்குச் சாட்சி. பூட்டப்பட்ட சாறு ஏன் சத்தம் போடுகிறது?

பின் வாட்டுவதன் பலன் என்ன? ருசியும் மொறுமொறுப்பும். தண்ணீர் இருக்கும் வரை பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றிச் சூடு 140 டிகிரியை ஒட்டி ஏறும்போதுதான் புரதமும் சர்க்கரையும் வேகமாகச் சேர்ந்து பொன்னிறமும் அந்த வறுபட்ட வாசனையும் பிறக்கின்றன. 1912-இல் இதை வர்ணித்த பிரெஞ்சுக்காரர் மையாரின் பெயரால் அந்த மாறுதலை அழைக்கிறார்கள். இது போதாதா? உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பழைய பொய் ஏன் சாகவில்லை? உவமை அழகாக இருப்பதால் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்திப் பூட்டுவது போல என்றவுடன் மனசுக்குத் திருப்தி வந்துவிடுகிறது. அதற்கு மேல் கண்ணை உபயோகிக்கத் தோன்றுவதில்லை. கவிதையில் இப்படிப்பட்ட உவமைகள் நிறைய உண்டு. அங்கே அவற்றால் சேதம் குறைவு. இங்கே சேதம் உண்டு. சாறுதான் உள்ளே பத்திரமாக இருக்கிறதே என்று நம்பிய மனிதர் அடுப்பைத் தணிக்காமல் கொழுந்துவிட்டு எரிய விடுகிறார். சால்மன் கட்டையாகி விடுகிறது.

அடுத்தது நிமிஷக் கணக்கு. சியாட்டில் நகரத்தில் நண்பர் ஒருவரின் மகள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அது சால்மன் ஊர். வாரம் ஒரு நாள் அவள் சால்மன் வாங்குவாள். அவளிடம் இருந்த புஸ்தகத்தில் 'தோல் கீழே இருக்கும்படி வைத்து 3 நிமிஷம். திருப்பி 3 நிமிஷம்' என்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பினாள். தோல் சட்டியோடு தங்கிவிட்டது. சதை இரண்டாக உடைந்தது. பாவம், அப்புறமும் புஸ்தகத்தை நம்பி இன்னும் மூன்று நிமிஷம் வைத்தாள். ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது. தட்டில் போட்டுக்கொண்டு வந்து, "எனக்குக் கை வரலை மாமா. புஸ்தகத்துல போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன்" என்றாள்.

"புஸ்தகத்தில் போட்டிருக்கிறபடி செய்ததுதான் காரணம் அம்மா" என்றேன். ஏதோ சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சமாதானத்துக்குச் சொன்னதல்ல. அவள் கையில் குறை இல்லை, வாக்கியத்தில்தான் குறை. மீனின் தோல் ஈரமாக இருந்தால் முதல் சில நிமிஷம் அந்த ஈரம் ஆவியாவதிலேயே கழிந்துவிடும். பச்சைச் சதையும் தோலும் சூடான உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். நீர் வற்றித் தோல் மொறுமொறுப்பாக மாறிய பிறகு தானாக விடும். விடாத மீனைப் பிடுங்கக் கூடாது என்ற ஒரு வரி அந்தப் புஸ்தகத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு மீன் உடைந்திருக்காது. நடுத்துண்டின் கனம் வேறு, வால் துண்டின் கனம் வேறு. இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய சட்டியில் குளிர்ந்த மீன் விழுந்ததும் சூடு இறங்கிவிடும். இத்தனை வித்தியாசங்களையும் 'மூன்று நிமிஷம்' என்ற வார்த்தை விழுங்கிவிடுகிறது. அந்த வெள்ளைப் பொருள் கெட்டுப்போனதன் அடையாளமல்ல. சதை நார்கள் சூட்டில் சுருங்கும்போது பிழிந்து வெளியேற்றுகிற புரதம் அது. கொஞ்சம் வருவது சகஜம். நிறைய வந்தால் சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம் என்று மீனே சொல்கிறது. மீன் சொல்வதைக் கேட்கச் சொல்லித் தராத குறிப்பு, குறிப்பே அல்ல என்பேன்.

இன்னொரு கோளாறு வரிசை பற்றியது. எலுமிச்சைச் சாற்றையும் மிளகுப்பொடியையும் மீனில் தடவி அரைமணி ஊற விட்டு, பிறகு வாட்டச் சொல்கிறார்கள். சாமான் பட்டியலில் ஒன்றாக நிற்பவை சட்டியிலும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற எண்ணம் போலிருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் பட்ட இடத்தில் சதை நெருப்பில்லாமலே வெளுத்து இறுகத் தொடங்குகிறது. தோல் நனைகிறது, நனைந்த தோல் மொறுமொறுப்பாகாது. ஆரஞ்சுச் சாறாக இருந்தால் அதிலுள்ள சர்க்கரை மீன் வேகுமுன் கருகிவிடும். பழகிய இரும்புச் சட்டியில் அமிலம் கொதித்தால் அதன் எண்ணெய்ப் படிவம் கரைந்து இரும்பு வாடை ஏறும். எலுமிச்சையின் இடம் கடைசியில். மீன் வாடையைத் தருகிற பொருள்கள் சில காரத்தன்மை உள்ளவை. அமிலம் அவற்றைக் கட்டிப்போட்டு மூக்குக்கு வர விடாமல் செய்கிறது. சாப்பிடுகிற நேரத்தில் பிழிந்தால்தான் அந்த உதவி முழுசாகக் கிடைக்கும். பழத்தின் மணமோ சாற்றில் அதிகம் இல்லை. மேல்தோலின் எண்ணெயில் இருக்கிறது. தோலைத் துருவிச் சேர்க்காமல் சாற்றை மட்டும் ஊற்றினால் புளிப்பு இருக்கும், எலுமிச்சை இருக்காது.

மிளகைப் பற்றி எழுத நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சால்மன் நமக்கு அந்நியம். மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். அதைத் தேடி யவனர் கப்பல்கள் முசிறிக்கு வந்தன என்று பழம்பாடல்கள் சொல்கின்றன. மிளகில் உறைப்பும் மணமும் தனித்தனிப் பொருள்கள். உறைப்பு சூட்டை ஓரளவு தாங்கும். மணம் ஆவியாகிப் பறந்துவிடும். பொடித்த மிளகைப் புகைகிற எண்ணெயில் போட்டால் மணம் போய்க் கசப்பு மிஞ்சும். பொங்கலுக்கு நெய்யில் மிளகு பொரிக்கிறோமே என்று கேட்கலாம். அது முழு மிளகு, இதமான சூடு, சில விநாடி வேலை. அப்படியும் கடித்தால்தான் மணம் வெளியே வரும். சால்மனுக்கு மிளகைக் கொரகொரப்பாக இடித்து, அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய பிறகு போடுவதுதான் நியாயம்.

இன்னும் ஒரு விஷயத்தில் குறிப்பெழுதுகிறவர்கள் நேர்மையாக இருப்பதில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் மீனின் உள்சூடு 63 டிகிரிக்கு வர வேண்டும் என்கிறது. பெரிய சமையல்காரர்கள் பலர் 50 டிகிரியை ஒட்டியே இறக்கிவிடுகிறார்கள். நடுப்பகுதி மெத்தென்று கண்ணாடி போல இருப்பது அவர்களுக்குப் பெருமை. இரண்டுக்கும் காரணம் உண்டு. முன்னது கிருமிகளையும் புழுக்களையும் நினைத்துச் சொல்வது; பின்னது ருசியை நினைத்துச் சொல்வது. ஒரே ஓர் எண்ணை அச்சிட்டுவிட்டு மற்றதை மறைப்பது சரியல்ல. வீட்டில் கர்ப்பிணி இருக்கலாம், வயசானவர் இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். எது யாருக்கு என்று தீர்மானிக்கிற உரிமை சமைக்கிறவருடையது. இரண்டையும் சொல்ல இரண்டு வரி போதும்.

இதையெல்லாம் எழுதினால் குறிப்பு நீண்டுவிடாதா, யார் வாசிப்பார்கள் என்று ஓர் ஆட்சேபம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. எலிஸபெத் டேவிட் 1950-இல், இங்கிலாந்தில் பங்கீட்டு முறை இன்னும் நீங்காத காலத்தில், மத்தியதரைக்கடல் நாடுகளின் உணவைப் பற்றி எழுதிய புஸ்தகத்தில் பல குறிப்புகள் சில வரிகளோடு முடிந்துவிடும். அளவுகூடச் சில இடங்களில் இருக்காது. அதை வாசித்துச் சமைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆகவே சுருக்கம் குற்றமல்ல. சுருங்கச் சொல்லும்போது எதை வைத்துக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. நிமிஷத்தை வைத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடுவது மட்டமான சுருக்கம்.

குறை சொல்வதோடு நிறுத்தினால் விமரிசகன் தப்பித்துக்கொள்கிறான் என்பார்கள். என்னால் முடிந்த அளவில் அந்தக் குறிப்பை எழுதிப் பார்க்கிறேன்.

தோலோடு கூடிய நடுத்துண்டாக, ஆளுக்கு 150 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். சமைப்பதற்குக் கால்மணி முன் வெளியே எடுத்துவைத்து, துணியால் தோலை இரண்டு தரம் ஒற்றி ஈரத்தைப் போக்குங்கள். விரலை வைத்தால் வழுக்கக் கூடாது. அடுப்புக்குப் போகிற சமயத்தில் உப்புத் தடவுங்கள். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அது நெளிந்து மினுங்கும் வரை காய விடுங்கள்; புகைய வேண்டாம். தோல் கீழே இருக்கும்படி மீனை வையுங்கள். தோல் சுருங்கித் துண்டு வளையப் பார்க்கும்; தட்டைக் கரண்டியால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு தீயைக் குறைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி போல இருக்கும் ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து வெளிறிக்கொண்டே மேலே ஏறும். முக்கால்வாசி கனத்துக்கு ஏறியதும் கரண்டியை அடியில் கொடுங்கள். தடையில்லாமல் வந்தால் திருப்புங்கள். பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மறுபக்கத்துக்கு ஒரு நிமிஷத்துக்குள் போதும். முழுசாக வேக வேண்டுமென்றால் இன்னும் சற்று. இதற்கெல்லாம் ஏழெட்டு நிமிஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். மீனைத் தோல் மேலே இருக்கும்படி தட்டில் எடுத்து வைத்து, சட்டியை இறக்கி எண்ணெயை வடித்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒரு துண்டு வெண்ணெய், எலுமிச்சைத் தோலின் துருவல், அரைப் பழத்தின் சாறு, இடித்த மிளகு சேர்த்துச் சுழற்றுங்கள். அதை மீனின் பக்கத்தில் ஊற்றுங்கள். தோலின் மேல் ஊற்றினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

இதில் கலைநயம் ஒன்றும் இல்லை. சமைக்கிறவர் பார்க்க வேண்டியதையும் தொட வேண்டியதையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். சால்மன் விலை உயர்ந்த மீன். பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பத்தில் இரண்டு துண்டு பாழாவது சின்ன விஷயமல்ல. ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. புஸ்தகம் தப்பாக எழுதப்பட்டிருந்தால், வாசிக்கிறவர் புஸ்தகத்தைச் சந்தேகிப்பதில்லை, தம்மைத்தான் சந்தேகித்துக்கொள்கிறார். 'எனக்குக் கை வராது' என்று முடிவு கட்டி ஒதுங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டது யாரோ அலட்சியமாக எழுதிய ஒரு வாக்கியமாக இருக்கக்கூடும். மோசமான நாவலை எழுதினவனை நாம் பெயர் சொல்லித் திட்டுகிறோம். மோசமான குறிப்பை எழுதினவருக்கு அந்தத் திட்டு போய்ச் சேருவதே இல்லை. சமையற்கட்டில் நிற்பவர் அதையும் தாமே வாங்கிக்கொள்கிறார். சமையல் குறிப்பையும் விமரிசனம் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.